வாசலைத் தாண்டிய ரயில் நிலையம்

தையல்காரம்மாவுக்கு வாய்தான் நீளம், கை படு நிதானம். அவர் தைத்த ரவிக்கையை யாரும் பிரித்துத் தைக்கச் சொல்லிக் கொண்டுவந்ததில்லை. அந்தத் தையல் மேசையிலேயே, தீக்குச்சிகளின் மருந்தை பிளேடால் சீவியெடுத்து, பசை தொட்டு ஒட்டி ஒட்டி, ஊர் ரயில் நிலையத்தை மணிக்கூண்டோடு எழுப்பிவிட்டார். கண்காட்சிக்கு எடுத்துப்போக வண்டியும் வந்துவிட்டது.

கைகொடுக்க வந்த அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. "இவ்வளவு பெரிசா கட்டி வச்சிருக்கியே, வாசல்ல எப்படிம்மா நுழையும்? சுவரை இடிக்கப் போறியா?"

"நீ அந்தப் பக்கம் பிடி, அப்புறம் பேசு."

முனகிக்கொண்டே பிடித்தார். கதவுச் சட்டத்தில் எங்கேயும் உரசாமல், இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு, ரயில் நிலையம் ராஜநடை போட்டு வெளியே வந்தது.

"கதவை அளந்துட்டுத்தான் அண்ணே முதல் குச்சியையே ஒட்டினேன். ஆமா, நீ புதுசா வாங்கின பீரோ என்ன ஆச்சு?"

அண்ணன் வானத்தைப் பார்த்தார். "வாசல்லதான் நிக்குது. உள்ளே போகமாட்டேங்குது."

"இப்பவாவது அளந்து சொல்லு. மழைக்கு முன்னாடி அதுக்கு ஒரு உறை தைச்சுத் தரேன்."