இஸ்திரி அக்கா காத்திருந்த நோட்டீஸ்

என்ஜினியர் சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். பதினோரு நோட்டீஸ்களின் பின்பக்கத்திலும் 'வாங்க மறுத்தார்' என்று எழுதிய கை என்னுடையது. எழுதச் சொன்ன வாய் உங்களுடையது. அன்றைக்கு நாம் இரண்டு பேரும் ஆபீஸை விட்டு வெளியே போகவே இல்லை. எந்த வாசலிலும் நிற்கவில்லை. நம்மிடம் யாரும் எதையும் மறுக்கவில்லை.

அந்தக் காகிதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மலிவான பழுப்புத் தாள், கன்னடத்தில் அச்சு. நீங்கள் மழைநீர்க் கால்வாயை ஆக்கிரமித்திருக்கிறீர்கள், சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் ஏழு நாளுக்குள் வந்து சொல்லலாம் என்று முன்பக்கத்தில் இருக்கும். பின்பக்கம் காலியாக இருக்கும். யார் வாங்கினார், எந்தத் தேதி, சாட்சி யார் என்பதை அங்கேதான் எழுத வேண்டும். நான் அப்போது வார்டு ஆபீஸில் தினக்கூலி அட்டெண்டர். தொம்மலூர் பழைய ஊரில் பிறந்து கன்னட மீடியத்தில் படித்தவன். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் எழுத்து வேலையெல்லாம் என் தலையில் விழும். என் அப்பா செத்தபோது அந்த வேலையைப் போட்டுக் கொடுத்தவர் என்ஜினியர் சார்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இதை எழுதுவது என் வண்டவாளத்தைச் சொல்ல மட்டும் இல்லை. வக்கீலம்மாவைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். முப்பாட்டன் காலத்திலேயே மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். நீதிபதியிடம் கன்னடம், கட்சிக்காரர்களிடம் தமிழ், ஸ்கூட்டரை இடிக்கிற ஆட்டோக்காரரிடம் உருது என்று மூச்சு விடாமல் மாறிக்கொள்வார். தமிழ் படிக்க மட்டும் வராது. கால்வாய் ஓரத்துப் பதினோரு வீடுகளுக்கு அவராக வரவில்லை. கறுப்புக் கோட்டை இஸ்திரிக்குக் கொடுக்க வந்தவர், வீடுகளை இடிக்கப் பார்க்கிறார்கள் என்று இஸ்திரி அக்கா சொன்னதைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

இஸ்திரி அக்கா என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கரிப்பெட்டி வைத்த தள்ளுவண்டி, மூலையில் அடுக்கிய துணி மூட்டைகள். புருஷன் இல்லை. கால்வாய் ஓரத்து ஒற்றை அறைதான் வீடு. அந்த வரிசை மொத்தத்துக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கார்ப்பரேஷன் ஆள் நீட்டுகிற எந்தக் காகிதத்தையும் கையில் வாங்க மாட்டார்கள். பல வருஷங்களுக்கு முன்னால் ரேஷன் விஷயம் என்று நம்பி ஒருவர் கைநாட்டு வைத்தார். அது தானாகவே வீட்டைக் காலி செய்கிறேன் என்ற காகிதமாகப் போய்விட்டது. அதிலிருந்து எங்கள் ஆட்கள் தெருமுனைக்கு வந்தாலே கதவுகள் சாத்திக்கொள்ளும். காகிதத்தைத் தொடாவிட்டால் அது வரவே இல்லை என்று நினைத்தார்கள். சட்டமோ, நீட்டியதை வாங்க மறுத்தால் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளும். இது எங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

வக்கீலம்மா அந்த வழக்கத்தை உடைக்கத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். காய்கறிக் கவரில் தீர்ப்புகளின் ஜெராக்ஸ் இருக்கும். அக்கா துணி தேய்க்க, மற்ற பெண்கள் கால்வாய்ச் சுவரில் உட்கார்ந்து கேட்பார்கள். நானும் என் சட்டைகளைக் கொடுக்கிற சாக்கில் நின்று கேட்டிருக்கிறேன். அரசாங்கம் ஒரு பெண்ணின் பாஸ்போர்ட்டைக் காரணம் சொல்லாமல் பிடித்து வைத்துக்கொண்ட கதையைச் சொன்னார். ஏதோ ஒரு நடைமுறை இருந்தால் போதாது, அது நியாயமான நடைமுறையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாம். பிறகு பம்பாய் நடைபாதையில் குடிசை போட்டவர்கள் கதை. ஆக்கிரமித்தவர்களிடம் கேட்க என்ன இருக்கிறது, அவர்கள் சொல்லத்தான் என்ன இருக்கிறது என்று அந்த ஊர் நிர்வாகம் வாதாடியது. பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதுதான் என்றது கோர்ட். கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று நீயே முடிவு செய்துகொண்டு ஒருவரைக் கேட்காமல் இருக்க முடியாது என்றும் சொன்னது.

"அப்புறம் அந்த குடிசைங்க என்னாச்சு?" என்று அக்கா கேட்டார்.

வக்கீலம்மா பொய் சொல்லத் தெரியாதவர். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "மழைக்காலம் முடிஞ்சதும் எடுக்கலாம்னு கோர்ட்டே சொல்லிடுச்சு" என்றார்.

"நல்ல கதை. கேட்டுட்டு இடிச்சா வலிக்காதா?"

"வலிக்கும். ஆனா கேக்கணும்னு வந்துட்டா, இடிக்கிறவன் உங்க மூஞ்சிய ஒரு தடவையாவது பாத்தாகணும் இல்லியா? மூஞ்சியப் பாத்தா சில பேருக்குக் கை வராது. சில நேரம் தப்பான வீடுன்னும் தெரியவரும்."

அக்கா பெட்டியைத் தூக்கிக் கரியை ஊதினார். அந்த வாரத்திலிருந்துதான் ஒத்திகை ஆரம்பித்தது. வக்கீலம்மாவே கார்ப்பரேஷன் ஆளாக நடிப்பார். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "நோட்டீஸ் தகொள்ளி", வாங்கிக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் அதட்டிக்கொண்டே ஒவ்வொரு வாசலாகப் போவார். பெண்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். வாசலுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் "அவரு ஊர்ல இல்ல சார்" என்று சொல்லிவிடுவார்கள். வக்கீலம்மா தலையில் அடித்துக்கொள்வார். மூன்றாவது ஞாயிறுதான் முதல் ஆளாக இஸ்திரி அக்கா கை நீட்டி வாங்கினார். "வெயில்ல அலையிறியேன்னு பாவம் பாத்து வாங்குறேன், போ" என்று அதிகாரியைத் திட்டிவிட்டு, தன் பேரைத் தமிழில் எழுத்துக் கூட்டிப் போட்டு, பக்கத்தில் தேதியும் போட்டார். அத்தனை பேரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த வாரம்தான் அந்தப் பதினோரு காகிதங்களும் என் மேஜைக்கு வந்தன. நல்ல மழை. என்ஜினியர் சார் நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். அவரும் நம் தமிழ்தான். "அவங்க என்னிக்கு வாங்கியிருக்காங்க? நனைஞ்சுட்டுப் போயி கதவப் பாத்துட்டு வர்றதுக்கு இங்கயே எழுதிடு" என்றார். சாட்சி இடத்தில் ஜீப் டிரைவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார். எழுத ஆரம்பித்தேன். ஏழாவதோ எட்டாவதோ அக்காவின் பேர் வந்தது. பேனாவை எடுத்துவிட்டு, "சார், இவங்க வாங்குவாங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "பத்து பேர் மறுத்து ஒருத்தி வாங்கிட்டான்னா, மத்த பத்தும் சந்தேகமாயிடும்பா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்."

எழுதிவிட்டேன். மற்றதைவிட அழகாகவே எழுதினேன்.

நோட்டீஸ் வரப்போகிறது என்று வக்கீலம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. வீட்டை விட்டு நகராதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அக்கா அந்த வாரம் முழுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. சனிக்கிழமை நான் அந்த வழியாகப் போனபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "ஏம்பா, உங்க ஆபீஸ்லருந்து அந்த பேப்பரு எப்ப வரும்? வாரம் பூரா உக்காந்துருக்கேன், துணி குடுத்தவங்கள்லாம் ஏசுறாங்க" என்றார். வரும்க்கா என்று சொல்லிவிட்டு நடந்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் சின்னது அதுதான். மறக்க முடியாததும் அதுதான்.

ஏழு நாள் முடிந்ததும், நோட்டீஸை வாங்க மறுத்துவிட்டார்கள், இடிக்கப்போகிறோம் என்று ஆபீஸில் சொல்ல, வக்கீலம்மா ஸ்டே கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். விசாரணைக்கு முந்தின நாள் டீக்கடையில் என்னைப் பிடித்தார். கார்ப்பரேஷன் தரப்பு கொடுத்த நகலைப் பார்த்து, கையெழுத்து என்னுடையது என்று கண்டுபிடித்திருந்தார். நீங்கள் போனீர்களா, இல்லையா, அதை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். வேலை போய்விடும் மேடம் என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, உங்க நிலைமை எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கழுவுகிற வாளியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள், என் கட்சிக்காரர் அந்தக் காகிதத்துக்காக ஒரு வாரம் வாசலில் காத்திருந்தார் என்று அவர் சொன்னபோது, எதிர்த்தரப்பு வக்கீல் பதினோரு தாள்களையும் நீதிபதியிடம் நீட்டினார். நீதிபதி திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீதிபதியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் இருந்தது காகிதம். காகிதத்தில் இருந்தது என் அழகான எழுத்து. ஸ்டே கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை ஜேசிபி வந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அக்காவின் கதவு கடைசியாகத்தான் விழுந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதைவிட மோசமானது பிறகு வந்தது. மாற்று வீட்டுக்கான பட்டியல் போட்டார்கள். ஏழு நாளுக்குள் வந்து தன் தரப்பைச் சொல்லி, காகிதங்களைக் காட்டியவர்களுக்குத்தான் பட்டியலில் இடம். அக்காவிடம் கரண்ட் பில் இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது, இருபது வருஷத்து வாக்காளர் அட்டை இருந்தது. ஆனால் அவர் 'வாங்க மறுத்தவர்'. இன்றைக்கு வரை அந்தப் பட்டியலில் அவர் பேர் இல்லை. ஊருக்கு வெளியே ஆனேக்கல் பக்கம் ஒரு வாடகை அறையில் இருக்கிறார். விடிவதற்குள் கிளம்பி, பஸ் மாறித் தொம்மலூர் வந்து அதே வண்டியில் துணி தேய்த்துவிட்டுத் திரும்புகிறார்.

நான் அந்த வேலையை விட்டு, தொம்மலூரிலேயே ஓர் அபார்ட்மென்டில் ஜெனரேட்டர் பார்க்கிற ஆளாகச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இனி பிடுங்குவதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு வருகிற தைரியத்துக்கு என்ன மரியாதை. வக்கீலம்மா வீட்டுக்குப் போனேன். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்று எழுத மாட்டேன், நான் அழவில்லை. எழுந்து உட்கார்ந்து என்னையே பிரமாணப் பத்திரம் எழுத வைத்தார். பட்டியலில் அக்காவின் பேரைச் சேர்க்கக் கேட்டு அதோடு மனு போடலாம் என்றார். நான் என்ஜினியர் சாரைக் கண்டபடி பேச ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அவருக்கும் நோட்டீஸ் குடுக்கணும். அவர் சைடு கேக்காம அவர் திருடன்னு நாம முடிவு பண்ணக்கூடாது. அக்காவுக்கு இல்லாம போச்சேன்னுதானே இவ்ளோ நாள் சண்டை போட்டோம்?"

எனக்கு அது அப்போது பிடிக்கவில்லை. இப்போதும் முழுசாகப் பிடிக்கவில்லை. ஆனால் அதுதான் சரி. மனுவைப் போட்டார். அது இன்னும் நடக்கிறது. வக்கீலம்மா போன வருஷம் இறந்துவிட்டார். ஜூனியர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு வாய்தாவிலும் கார்ப்பரேஷன் தரப்பு, சம்பந்தப்பட்ட அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார், அவருக்கு நினைவில்லையாம் என்று சொல்லித் தேதி வாங்குகிறது.

நினைவில்லையா? போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் ஹாலில் அரசியல் சாசன தினம் கொண்டாடினார்கள். சிறப்புப் பேச்சாளர் ஓய்வு பெற்ற என்ஜினியர் சார். மைக்குக்குக் கரண்ட் இழுத்துக் கொடுத்தவன் நான். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த நடைபாதைத் தீர்ப்பைப் பற்றியே பேசினார். நன்றாகத்தான் பேசினார். என் சர்வீஸில் ஒருவர் தரப்பைக் கேட்காமல் ஒரு செங்கல்லைக்கூட நான் எடுத்ததில்லை என்றார். தான் கொடுத்த நோட்டீஸ்களின் தேதி, இடம், நம்பர் எல்லாம் சொன்னார். ஹால் கை தட்டியது. கேட்டுக்கு வெளியே இஸ்திரி அக்கா வேறு யாருடைய சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

சார், வக்கீலம்மா சொன்னபடி உங்கள் தரப்பைக் கேட்க நான் தயார். எனக்குத் தனியாகப் போன் பண்ண வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். நான் என் பேரைப் போட்டுப் பிரமாணம் கொடுத்திருக்கிறேன், நான் சொல்வது பொய்யென்றால் என்னை உள்ளே தள்ளலாம். அடுத்த வாய்தாவுக்கு நீங்களே வாருங்கள். திறந்த கோர்ட்டில், அக்கா உங்கள் எதிரில் நிற்கும்போது, நீதிபதி கேட்கும்படி சொல்லுங்கள்: அந்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, அந்த அம்மாளின் வாசலுக்குப் போனீர்கள்?