வெயிலில் உலர்ந்த வண்டுகள்

4.6.2024 மயிலாப்பூர், காராமணி அரை கிலோ: ரூ. 58
7.6.2024 தி. நகர், அதே: ரூ. 62
11.6.2024 அடையாறு, அதே: ரூ. 65
5.12.2024 மீண்டும் மூன்று கடை: ரூ. 190

ஜெயஸ்ரீ வாங்கியது சுண்டலுக்கு அல்ல. வண்டு விழுந்த காராமணி இருக்கிறதா என்று அவள் கேட்டதும், அடையாறு கடைக்காரர் மாணிக்கவாசகம் சோதனைக்கு வந்த அதிகாரி என்று பயந்து, தன் கடையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று சாதித்தார். அவள் கல்லூரியில் விலங்கியல் நடத்துபவள், நாற்பத்தெட்டு வயதில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள் என்று தெரிந்த பிறகுதான் உள்ளேயிருந்து ஒரு பொட்டலம் வந்தது.

மூன்று கடையிலும் இருந்தது ஒரே இனத்துப் பயறு வண்டு. கடைக்கு ஒரு பாட்டிலாக வீட்டுச் சமையலறையிலேயே அவற்றை வளர்த்தாள். ஆனால் மயிலாப்பூர் பாட்டிலில் கறுத்த முதுகு அதிகம், அடையாறில் வெளிறிய முதுகு, தி. நகர் நடுவில். இந்த வேறுபாடு மரபணுவிலும் இருக்கிறதா என்பதுதான் அவள் ஆய்வு. நாலு தலைமுறை வளர்த்தாயிற்று. ஆய்வேட்டைக் கொடுக்கப் பிப்ரவரியில் கெடு. தவறினால் ஆறு வருட உழைப்பு வீண்.

நவம்பரில் கணவர் விஜயராகவன் விருப்ப ஓய்வு பெற்றுச் சமையலறைப் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் அவள் கல்லூரியிலிருந்து திரும்பியபோது பெருமையாகச் சொன்னார்: "பாட்டில்ல ஒரே வண்டா மொய்ச்சிண்டு இருந்தது. மொட்டைமாடில கொட்டிக் காய வெச்சு, சலிச்சு, திரும்பப் போட்டுட்டேன்."

எதை எதில் போட்டார் என்று கேட்டாள். எல்லாம் காராமணிதானே என்றார்.

அதன்பின் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குக்கர் வைத்துவிட்டுப் பாட்டிலைப் பார்ப்பாள். செருப்பை மாட்டியவள் கழற்றிவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பாள். பயறுக்குள் தப்பியிருந்த புழுக்கள் டிசம்பர் தொடக்கத்தில் வண்டுகளாக வெளிவந்தன. மூன்று பாட்டிலிலும் கறுப்பும் வெளுப்பும் கலந்தே இருந்தன.

"முதுகைப் பாத்துப் பிரிச்சுடேன்," என்றார் விஜயராகவன். "நோக்குத்தான் அத்துப்படியாச்சே. யாருக்குத் தெரியப்போறது?"

அவள் இடுக்கியைக்கூட எடுத்துவிட்டாள். ஏழெட்டு வண்டுகளைப் பிரித்தும் வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் தட்டினாள்.

"ஊருக்கு ஊர் முதுகு மாறறதான்னு கேக்கத்தான் இத்தனையும். முதுகைப் பாத்து ஊரை எழுதினா, விடையைப் பாத்துண்டு கணக்குப் போட்ட மாதிரின்னா."

நடந்ததை நடந்தபடி பல்கலைக்கழகத்துக்கு எழுதி, ஓராண்டு அவகாசம் கேட்டாள். பதில் வருவதற்குள்ளேயே புதுப் பயறுக்குக் கிளம்பினாள். பையைத் தூக்கிக்கொண்டு விஜயராகவன் பின்னால் போனார். மாணிக்கவாசகம் இம்முறை பயப்படவில்லை. "உங்களுக்குன்னே தனியா வெச்சிருக்கேன் டீச்சர். நல்லா வண்டு புடிச்ச சரக்கு," என்றார்.

முதல் கடிதம் விளக்கம் கேட்டது. விளக்கம் போனது. தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் விஜயராகவன்தான் முதலில் மாடிப்படி இறங்கினார். கடைசிக் கடிதத்தில் இரண்டே வரி: ஓராண்டு தரப்படுகிறது, இனி நீட்டிப்பு இல்லை. அப்போது புதுப் பாட்டில்களில் முதல் தலைமுறை ஊர்ந்துகொண்டிருந்தது.

கடிதம் வந்த நாள் 9.1.2025.