புளி போட்டு விளக்கிய மணிகள்

மாமியின் செபமாலையில் பெரிய மணிகள் மட்டும் வேறு நிறம். சின்ன மணிகள் கறுத்த மரம். பரலோக மந்திரம் சொல்லும் பெரிய மணிகள் நெய் பிடித்த மஞ்சள். ஆவுளியா என்று மன்னாரில் சொல்லும் கடற்பசுவின் பல்லில் மாமியின் ஐயா கடைந்து கொடுத்தவை. வெளிநாடு வந்து பார்க் எக்ஸ்டென்ஷனில் மாமா வீட்டில் தங்கிப் படித்த காலத்தில், பின்னேரங்களில் ஹீற்றருக்குப் பக்கத்திலிருந்து மாமி அதை உருட்டுவார்.

மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி விற்றவர், பழைய மணிகள் சேர்க்கும் வாடிக்கையாளர் ஒருவரிடம் செபமாலையைப் பற்றி அளந்துவிட்டார். கடற்பசுவைப் பிடிக்கத் தடை வந்தபின் அந்தப் பல்மணி கிடைப்பதே அரிது என்று அவர் வாயைப் பிளந்ததும் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. விற்பதாகச் சொல்லிவிட்டே வீட்டுக்கு வந்தார். ஆசீர்வதித்த செபமாலையை விற்றால் ஆசீர்வாதம் போய்விடும் என்று மாமி மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"வாக்குக் குடுத்திட்டன். ஆள் சனிக்கிழமை வாறார், வடிவாத் துப்புரவாக்கி வையும்," என்றார் மாமா.

மாமி அவர் பேச்சைத் தட்டி நான் பார்த்ததில்லை. அன்றும் தட்டவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு என்னத்தைக் கேட்பது?

சனிக்கிழமை, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து அந்த மனிதர் பனிச் சப்பாத்தோடு வந்து சேர்ந்தார். மாமி தட்டில் கொண்டுவந்து வைத்த செபமாலையில் பெரிய மணிகள் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன. பித்தளைச் சாமான் விளக்குவதுபோல முதல்நாளே புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். வந்தவர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். மஞ்சளும் விரல் பட்ட மினுக்கமும்தான் இதன் வயது, அதைப் புளிப்பு அரித்துவிட்டது, இனித் தனக்கு வேண்டாம் என்று பிரெஞ்சும் ஆங்கிலமுமாய் வருத்தத்தோடு விளக்கினார். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வேண்டாமென்றது அவர்தான், தான் வாக்கு மாறவில்லை என்பதில் மாமாவுக்கும் உள்ளூர நிம்மதி. அன்று மத்தியானம் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

போன மாதம் அவர்களைப் பார்க்கப் போனேன். மாமா கதிரையில் தூங்கிக்கொண்டிருந்தார். ஹீற்றருக்குப் பக்கத்தில் மாமி, கையில் செபமாலை. பெரிய மணிகளில் மஞ்சள் மெல்லத் திரும்பியிருந்தது. இத்தனை வருடமாய் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"மாமி, தெரிஞ்சுதானே புளி போட்டனீங்கள்?"

மாமி மாமாவை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"அவர்தானே தம்பி துப்புரவாக்கச் சொன்னவர்," என்றுவிட்டு அடுத்த மணிக்குப் போனார்.