ஓடாத எலிக்குஞ்சு

என் மாமாவின் புஜத்தில் ஒரு எலிக்குஞ்சு குடியிருந்தது. மாம்புரியில் தோட்டம் போட்டு மிளகாயும் வெங்காயமும் செய்துகொண்டிருந்த அவர், புத்தளத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, "புடிங்க பாப்பம்" என்பார். தோலுக்குக் கீழே மெத்தென்று ஒரு கட்டி. விரலால் அமுக்கினால் வழுக்கி ஓடிவிடும். உம்மா கல்யாணம் முடிக்க முந்தியே அது இருந்ததாம். வளரவும் இல்லை, போகவும் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்கள் முன்பு வந்தவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் கால் கழுவினார். கெண்டைக்காலில் இன்னொரு வீக்கத்தைக் கண்டேன். இரண்டாவது எலிக்குஞ்சு கிடைத்த சந்தோஷத்தில் ஓடிப்போய் அமுக்கினேன். அது கல்லாக இருந்தது. இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. மாமா சிரித்தபடி சாரத்தை இறக்கிவிட்டார்.

உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தா.

"உம்மா, மாமாட கால்லயும் ஒரு எலிக்குஞ்சு. ஆனா அது ஓடுதில்ல."

உம்மா கையைக் கழுவாமலே எழும்பிப் போனா.

"எப்ப தொட்டு இது?" என்று தம்பியின் காலைப் பிடித்துப் பார்த்தா.

"நோன்புப் பெருநாளைக்குக் கண்ட. அப்ப கொட்டைப்பாக்களவுதான். நோவே இல்ல ராத்தா. நோவாததுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

"ரெண்டு மாசத்துல புள்ளட கைமுட்டியளவு வந்திருக்கு. நோவாட்டி என்ன? நாளைக்கே சிலாபத்துக்குப் போறோம்."

மாமா என்னைப் பார்த்து, "கோள் சொல்லிட்டீங்க என்ன" என்றார். பகிடிதான். ஆனால் நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

சிலாபத்தில் டாக்டர் கையிலுள்ள கட்டியை அமுக்கிப் பார்த்து, வெறும் கொழுப்பு என்று விட்டுவிட்டாராம். காலைத் தொட்டதும் முகம் மாறியதாம். ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, கொழும்புக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. மாமா மாதக்கணக்கில் வரவில்லை. நான் கோள் சொன்னதால்தான் அவரை எங்கோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பினேன்.

கொழும்பில் அவருடைய கெண்டைச் சதையில் பாதியை வெட்டியெடுத்திருந்தார்கள். கதிர்ச் சிகிச்சையென்று கரன்ட் பிடித்த இடத்தில் தோல் கறுத்திருந்தது. ஆனாலும் இரண்டு காலோடும் நொண்டி நொண்டித் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். இன்றைக்கும் வெங்காயம் செய்கிறார்.

அவர் வீடு வந்த கிழமை நாங்கள் மாம்புரிக்குப் போனோம். மாமி வாசலிலேயே என்னை இழுத்து அணைத்து, நெற்றியில் கொஞ்சி அழுதா. கோள் சொன்னதை மன்னித்துவிட்டா என்று நினைத்து, "இனிச் சொல்லமாட்டன் மாமி" என்றேன். அதைக் கேட்டு அவ ஏன் இன்னும் கூடுதலாக அழுதா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.