சங்கீதப் பிரிவில் ஒரு தேயிலைத் தோட்டம்

மிருதங்கம் படிக்கும் ஒரு மாணவர் எனக்குக் கோபமாக ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். என் புத்தகத்தை இறக்கிப் படித்தாராம். "லயம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், உள்ளே ஒரு கோர்வைகூட இல்லை. மூன்றாம் அத்தியாயத்துக்கு 'நடை' என்று தலைப்பு. ஆவலாகத் திறந்தால் யாரோ பெண்கள் மலையிலிருந்து வித்துராவுக்கு நடந்து போகிறார்கள். இது வாசகரை ஏமாற்றுவதல்லவா?"

விழுந்து விழுந்து சிரித்தேன். கல்லூரியில் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தாளம் தேடிப்போனவர் கையில் என் புத்தகம் எப்படி அகப்பட்டது என்ற கேள்வி மட்டும் இந்த மண்டையில் உதிக்கவில்லை.

கேரளத்துப் பொன்முடித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். லைன் என்ற ஆங்கிலச் சொல் அங்கே அப்படித்தான் ஆகிவிட்டது. அந்த லயங்களின் வரலாற்றை ஆறு வருடம் எழுதினேன். கடைசிப் பேருந்தை விட்ட நாள்களில் அவர்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். கொழுந்து பறிக்கும் ஒரு பெண், நிறைமாதத்தில் பஸ் வராமல் அடிவாரத்து வித்துரா ஆஸ்பத்திரிக்கு நடந்தே இறங்கியதையும், பாதி வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பிள்ளை பெற்றதையும் எனக்குச் சொன்னார். அதற்குமுன் அவர் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. முடித்ததும் ஒன்று கேட்டார்.

"எம் மவகிட்ட இதச் சொல்ல எனக்கு வாய் வரல டீச்சர். வெக்கமா இருக்கு. புஸ்தகத்துல வந்தா அவளே படிச்சிக்கிடுவா. அவளுக்குக் கெடைக்குமா?"

"போன்ல தேடினாலே கிடைக்கும். காசு ஒண்ணும் வேண்டாம்" என்றேன். கையடித்துச் சத்தியம் செய்யாததுதான் குறை.

காசு வேண்டாம் என்பதை மட்டும் காப்பாற்றினேன். பெரிய பதிப்பகம் ஒன்று கேட்டது. அவர்கள் வைக்கும் விலைக்கு லயத்தில் ஒருவரும் வாங்க முடியாது என்று மறுத்துவிட்டேன். யாரும் எங்கிருந்தும் இலவசமாகப் படிக்கும்படி, ஓப்பன் ஆக்சஸ் நூலாக, எங்கள் கல்லூரியின் மின்நூல் களஞ்சியத்தில் ஏற்றினேன். உலகத்துக்கே தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்ற மிதப்பு. அந்த மிதப்பில் நான்கு பிரதி அச்சடித்து மலைக்குக் கொண்டுபோகக்கூடத் தோன்றவில்லை. புத்தகம் வந்து மூன்று வருடமாகியும் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

இந்த வருடம் வேறொரு கல்லூரியிலிருந்து ஓர் ஆய்வு மாணவி யோசனை கேட்டு வந்தாள். தலைப்பு, பொன்முடித் தோட்டத்துப் பெண்கள். அவளுடைய ஆய்வுச் சுருக்கத்தின் முதல் பக்கத்திலேயே 'இது குறித்து இதுவரை நூல் எதுவும் வெளிவரவில்லை' என்று இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்றுகூடக் கேட்கவில்லை.

"தேடிப் பார்த்துட்டுத்தான் எழுதினியா?"

"தேடாத வாக்கு இல்ல டீச்சர்" என்றாள். என் கணினியிலேயே தட்டிக் காட்டினாள். பொன்முடி என்று போட்டாள், தேயிலை என்று போட்டாள், தோட்டத் தொழிலாளர் என்று போட்டாள். எதிலும் என் புத்தகம் இல்லை. நான் அவளை விலக்கிவிட்டுத் தலைப்பைத் தட்டினேன். வந்தது. பொருள்: சங்கீதம், தாளம். மொழி: மலையாளம்.

"லயம்னு தேடினப்ப இது நானும் கண்டேன் டீச்சர். பட்சே பாட்டுன்னு போட்டிருந்துச்சு, தொறக்கல." அவளை எப்படிக் குறை சொல்வது? நானாக இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

அவளுடைய போனுக்குக் கோப்பை அனுப்பிவிட்டு, அதே வேகத்தில் களஞ்சிய அலுவலகத்துக்குப் போனேன். பொறுப்பில் இருப்பவர் பழைய கோட்டைக்குள் இருக்கும் அக்ரகாரத் தெருக்காரர். கச்சேரி ஒன்று விடமாட்டார்.

"லயம்னா லயம்தானே? சங்கீதத்துல போடாம வேற எதுல போடறதாம்?"

"ஒரு பக்கம் புரட்டிப் பார்த்திருக்கலாமே, சார்?"

"வர்றதையெல்லாம் வாசிச்சிண்டு உக்காந்தா ஆபீஸ் நடக்குமா?" என்றவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். நான் நிரப்பிய படிவம். "பொருள்னு ஒரு கட்டம், குறிச்சொல்னு ஒரு கட்டம், சுருக்கம்னு ஒரு கட்டம். மூணையும் காலியா விட்டிருக்கேள். காலியா விட்டா சிஸ்டம் ஏத்துக்காது. பாவமேன்னு நானா நிரப்பினேன். மொழி தானா மலையாளம்னு வரும், அதையும் நீங்க மாத்தலை. போறாததுக்கு, ஃபைலைப் பழைய ஃபான்ட்ல அடிச்சுக் குடுத்திருக்கேள். நம்ம கண்ணுக்குத் தமிழ். தேடற மெஷினுக்கு வெறும் கிறுக்கல்."

அந்தப் படிவத்தைத் திறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆறு வருடம் எழுதியவளுக்கு ஆறு சொல் எழுதப் பொறுமையில்லை. இதெல்லாம் குமாஸ்தா வேலை என்று நினைத்தேன். அவரைத் திட்ட வந்த வாய்க்கு நான்தான் அகப்பட்டேன்.

"சரி சார், இப்ப மாத்திடுங்க."

"அப்படியெல்லாம் மாத்தப்படாது. அப்ளிகேஷன் குடுங்கோ, கமிட்டி கூடறச்சே வைக்கறேன்."

"தேயிலைன்னு ஒரு வார்த்தை சேர்க்கக் கமிட்டியா?"

"மொழியை மாத்தறதுக்கு வேற ஃபாரம்" என்று இன்னொரு தாளை நீட்டினார். இரண்டையும் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது எரிச்சலில் பேனா முள் தாளைக் கிழித்தது. கமிட்டி இதுவரை கூடவில்லை.

மூன்றாம் நாள் அந்த மாணவி மறுபடி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மூணாம் அத்தியாயத்துல ஒரு அம்மா வர்றாங்கல்லே டீச்சர், வளைவுல பிரசவம் ஆனவங்க. பேரு மாத்திப் போட்டிருக்கீங்க. பட்சே பேச்சு அப்படியே இருக்கு. அது எங்கம்மா. அந்தக் கொழந்த நான்."

எனக்கு ஒரு கணம் சந்தோஷம்தான் வந்தது. சொன்னபடி கடைசியில் அவர் மகளிடம் சேர்ந்துவிட்டதே என்று நினைத்தேன். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"போன கர்க்கடக மாசத்துல போயிட்டாங்க."

நான் எழுந்து நின்றேன். அவள் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் ஹாஸ்டல்ல இருந்து லீவுக்குப் போறப்பல்லாம், 'ஒரு டீச்சர் வந்து எழுதிட்டுப் போனாங்க, போன்ல தேடு புள்ள'ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. என்ன எழுதினாங்கன்னு கேட்டா சொல்லமாட்டாங்க, நீயே படின்னுவாங்க. ஒரு நாள் அவங்க பக்கத்துல இருந்துதான் தேடினேன். ரொம்ப நேரம் தேடினேன் டீச்சர். அப்படி ஒரு புக்கே இல்லம்மான்னு சொல்லிட்டேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'நான் சொன்னது ஒண்ணும் கொள்ளாது, எதுக்கும் ஆகாதுன்னு அந்த டீச்சர் விட்டிருப்பாங்க'ன்னாங்க. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல."