காலி பிளாக்கில் ஒரு வாக்காளர்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எந்த ஊரிலும் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறும் அளவுக்குத் தங்கியதில்லை. நெல்லிக்குப்பத்தில் கரும்பு அரவை நடக்கும்வரை மூட்டை தூக்கினேன். அது முடிந்ததும் பண்ருட்டியில் பலாப்பழ லாரிக்குப் போனேன். நெய்வேலியில் கிடைத்தது காவல் வேலை. டவுன்ஷிப்பில் ஒரு பழைய பிளாக்கை இடிக்கப்போகிறார்கள். அதுவரை கதவும் ஜன்னல் கம்பியும் களவு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலியான குவார்ட்டர்ஸ் ஒன்றில் படுத்துக்கொள்ளச் சொன்னார் கான்ட்ராக்டர். சோறு என் பொறுப்பு.

அந்த பிளாக்கில் இன்னும் காலி செய்யாதவர் ஒரே ஒருவர். மைன்ஸில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவரைத் தினமும் பார்ப்பேன். அவருடைய மனைவியைப் பார்த்ததில்லை. ஆனால் கொடியில் புடவை காயும், வீட்டுக்குள் அவர் யாருடனோ மெதுவாகப் பேசுவது கேட்கும். வெயில் நேரத்தில் மயில்கள் காலி வீடுகளுக்குள் நடந்து போகும். அந்தப் பேச்சுக்குரலும் மயில் நடக்கும் சத்தமும் தவிர வேறு சத்தம் இருக்காது.

ஒரு நாள் காலையில் வடலூர் பக்கத்து அங்கன்வாடி டீச்சர் ஒருவர் வாக்காளர் பட்டியலோடு வந்தார். வீடு வீடாகப் போய், பட்டியலில் உள்ளவர் இருக்கிறாரா, போய்விட்டாரா, இறந்துவிட்டாரா என்று எழுதும் பொறுப்பு அவருக்கு.

“வாட்ச்மேன் அண்ணே, கூட வாங்களேன். ஒண்டியா இங்க நடக்கப் பயமாகீது.”

“எனக்கும் பயந்தான். சம்பளம் குடுக்குறாங்க, இருக்கேன்” என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் முதல் வீட்டு வாசலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆள் இல்லை என்று தெரிந்தாலும் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். வெறும் சுவரில் பட்டு அந்தப் பெயர் திரும்பி வந்தது. அடுத்த வீட்டில் கணவன் பெயர், மனைவி பெயர், மகன் பெயர். திறந்து கிடந்த வாசல்களைப் பார்த்து அவர் கூப்பிட்டுக்கொண்டே போனார். யாராவது ‘வர்றேன்’ என்று சொல்லிவிடுவார்களோ என்று நான் ஒவ்வொரு வாசலையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஃபிட்டர் வீட்டுக்கு முன்னால் டீச்சர் நின்றார்.

“இந்த வூட்டம்மா போன வருஷமே செத்துட்டாங்கன்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க. கையெழுத்து வாங்கி எழுதறதுக்குள்ள அவங்களும் காலி பண்ணிக்கினு போயிட்டாங்க. நீங்க அந்தம்மாவப் பாத்திருக்கீங்களா?”

“புடவையப் பாத்திருக்கேன்.”

“புடவைக்கு ஓட்டு இல்லீங்கண்ணே” என்று முணுமுணுத்தபடி பெயரைக் கூப்பிட்டார். முதலில் ஃபிட்டரின் பெயர். அவர் வெளியே வந்தார். அடுத்து மனைவி பெயர்.

உடனே அவர் உதட்டில் விரலை வைத்தார். “மெதுவா. தூங்கிக்கினு இருக்கா.”

டவுன்ஷிப்பில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் பார்த்தவர் பகலில் தூங்குவார். கணக்கெடுக்க யார் வந்தாலும், “உள்ள தூங்குறாரு” என்று மனைவி வாசலில் சொன்னால் போதும். யாரும் எழுப்பச் சொல்லமாட்டார்கள். இருக்கிறார் என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அந்தப் பழக்கத்தில் டீச்சரின் பேனாவும் ‘இருக்கிறார்’ என்ற கட்டத்தில் டிக் போடப் போனது. போய், அந்தரத்தில் நின்றது.

“சார், ஒரு தடவ பாத்துக்கட்டுங்களா?”

“எழுப்பக் கூடாது” என்றார் அவர். எங்களை உள்ளே விட்டார்.

உள்ளறை ஜன்னலில் காக்கித்தாள் ஒட்டியிருந்தது. ஷிப்ட் வீடுகளில் பகல் தூக்கத்துக்கு அப்படித்தான் ஒட்டுவார்கள். மின்விசிறி ஓடியது. பாயில், தலைவரை இழுத்துவிட்ட போர்வை. அதற்குள் ஆள் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. விசிறிக் காற்றில் போர்வையின் நடுப்பகுதி ஏறி இறங்கியது. விசிறிக் காற்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிட்டப்போய்ப் போர்வையை இழுக்க எனக்கு மனம் வரவில்லை. டீச்சருக்கும் வரவில்லை. மூன்று பேரும் அறை வாசற்படியில் மூச்சடக்கி நின்றோம்.

ஹாலுக்கு வந்ததும் அவர் கேட்டார். “டீச்சரம்மா, அவ பேர அடிக்காதீங்க. அவ பேரு எழுதி வெச்சிருக்கற இடம் அது ஒண்ணுதான். ரேஷன் கார்டுல எடுத்துட்டாங்க, ஆஸ்பத்திரி கார்டுல எடுத்துட்டாங்க. இதுல மட்டும் இருந்துட்டுப் போவட்டும்.”

டீச்சரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க சார், வுட்டுட்டுப் போவலாம். ஆனா பேரு இருந்தா, ஓட்டு அன்னைக்கி எவளாச்சும் வந்து நாந்தான் அந்தம்மான்னு நிப்பா. சத்தமாப் பேரப் படிப்பாங்க. அவ ஆமான்னுவா. அவ விரல்ல மை வெப்பாங்க. நீங்க அதே வரிசைல நின்னுகினு இருப்பீங்க.”

ஃபிட்டர் முகம் வெளுத்தது. இப்படி ஒன்றை அவர் நினைத்திருக்கவில்லை என்பது தெரிந்தது. செத்தவள் தூங்குவது அவருக்குப் பழகியிருந்தது. வேறொருத்தி அவள் பெயருக்குத் தலையாட்டுவது பழகவில்லை.

“அப்படியும் வருவாங்களா?”

“வந்தா யார் தடுப்பாங்க? பேரு இருக்குதே.”

அவர் எழுந்து உள்ளறைக்குப் போனார். கதவைப் பாதி சாத்திக்கொண்டார். பேச்சு கேட்டது. அவர் குரல், அப்புறம் இடைவெளி, மறுபடி அவர் குரல். அந்த இடைவெளிகள் பதில் சொல்ல ஆகும் நேரத்துக்குச் சரியாக இருந்தன. ஒரு இடைவெளி நீண்டுகொண்டே போனது. டீச்சர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்தவர் கண்ணைத் துடைத்திருந்தார்.

“சரிங்குறா. அடிச்சிடுங்க.”

டீச்சர் எழுதினார். அக்கம்பக்கத்தார் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த பிளாக்கில் பாக்கி இருந்த ஒரே பக்கத்து வீட்டுக்காரன் நான்தான். அந்த அம்மாவை ஒருநாளும் பார்த்திராத நான், அவர் இல்லை என்று எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

எழுதி முடித்த பிறகும் யாரும் குரலை உயர்த்தவில்லை. நாங்கள் படியிறங்கியதும், தாழ்ப்பாள் சத்தம் வராதபடி, அவர் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.