யாரோ அவித்த இடியாப்பம்

போன சனிக்கிழமை நான் ஒரு கார் திருடினேன்.

திருடும்போது எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து, கை கழுவி, வயிறாரச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது. சாப்பிட்ட சாப்பாடும் திருட்டுச் சாப்பாடு என்பது அதோடு சேர்ந்தே தெரிந்தது...

சிரிக்காதீர்கள். உங்களுக்கும் நடக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு கார். நல்ல கார் மனைவி மீனாவுக்கு. ஆஸ்பத்திரி பார்மஸியில் வேலை, சனிக்கிழமையும் டியூட்டி. பழைய கார் எனக்கு. வெள்ளை நிறம், நாலு கதவு, பதினைந்து வயது. கம்பெனி பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. சிட்னியில் நம்மவர்கள் யார் வீட்டு டிரைவ்வேயை எட்டிப் பார்த்தாலும் ஒன்று நிற்கும். டாஷ்போர்டில் ஒரு பிள்ளையார், பின்கண்ணாடி ஓரம் ஒரு டிஷ்யூ டப்பா. இரண்டும் காரோடு சேர்த்தே விற்கிறார்களோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

அந்தக் காரில்தான் வென்ட்வொர்த்வில் போனேன். எங்கள் வீடு இருக்கும் கெல்லிவில்லிலிருந்து இருபத்தைந்து நிமிடம். அங்கே ஒரு தமிழ்க் கடை. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அங்கே பார்க்கிங் கிடைப்பது பூர்வ ஜென்மப் புண்ணியம். கிடைத்தது. அரிசி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை வாங்கினேன். கறிவேப்பிலை விலையைப் பற்றிக் கடைக்காரரிடம் கொஞ்சம் புலம்பினேன். வெளியே வந்து, வெள்ளைக் காரின் பூட்டில் சாவியைப் போட்டேன்.

திறக்கவில்லை. என் சாவி தேய்ந்து போய் வருடக்கணக்காகிறது. லேசாக ஆட்டித் திருப்ப வேண்டும். ஆட்டினேன், திறந்தது. மூட்டையைப் பின் சீட்டில் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தேன் – ஆனது. பழைய கார், தேய்ந்த சாவி, எப்போதாவது இப்படி நடக்கும் என்று மெக்கானிக் பிற்பாடு சொன்னார். பிற்பாடு சொல்லி என்ன பயன்?

சீட் முன்னால் தள்ளியிருந்தது. முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. சரி, பின்னால் மூட்டையைத் தள்ளும்போது நகர்ந்திருக்கும். கதவோரம் இருந்த மிட்டாய் டப்பாவைக் காணோம். மகள் எடுத்திருப்பாள். பெட்ரோல் முள் நிரம்பிய பக்கம் நின்றது. என் காரில் அது நடந்ததே இல்லை... முள் சிக்கியிருக்கும். ரேடியோவைத் திருப்பினால் நான் வழக்கமாகக் கேட்கும் அதே தமிழ் நிகழ்ச்சி. பிறகு என்ன சந்தேகம்?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்துவிட்டால் மனுஷன் அதற்கு மேல் எதையும் பார்ப்பதில்லை.

வழியில் ஒரு வாசனை. பக்கத்துச் சீட்டின் கீழே ஒரு துணிப்பை. உள்ளே இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா. ஐஸ்கிரீம் தீர்ந்தபின் அதில் என்ன இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் மட்டும் அதே டப்பா ஏழு இருக்கிறது. அதன் மேலே ஒரு தயிர் டப்பா. அதுவும் எங்கள் வீட்டுத் தயிர்தான்.

வீட்டில் திறந்து பார்த்தேன். இடியாப்பம். சூடு இன்னும் ஆறவில்லை. தயிர் டப்பாவில் தேங்காய்ப்பால் சொதி. ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய்ச் சம்பல்.

மீனாவுக்குத் திருநெல்வேலி, சொதி அவர்கள் வீட்டுச் சாப்பாடு. வியாழக்கிழமை அவள் கிண்டிய உப்புமாவைப் பற்றி நான் ஒரு கருத்துச் சொல்லியிருந்தேன். இரண்டு நாளாக வீட்டில் பேச்சு குறைவு. ஆக, இது சமாதானம். எனக்குத் தெரியாமல் காரில் வைத்திருக்கிறாள். நெகிழ்ந்து போனேன். பத்து இடியாப்பம் சாப்பிட்டேன். சொதியைக் கடைசியில் டப்பாவோடு குடித்தேன். பிறகு நல்ல கணவனாக ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

"சாப்பாடு பிரமாதம் மீனா."

"எந்தச் சாப்பாடு?"

"இடியாப்பம்தான். சொதி உங்கம்மா வைக்கிறதைவிட நல்லாருந்துச்சு."

"என்னங்க, நான் காலைல ஆறரைக்கு வந்தேன். இடியாப்பம் எங்கே செஞ்சேன்? கடைல வாங்கினீங்களா?"

"கார்ல இருந்துச்சு."

"யார் கார்ல?"

வாசலுக்குப் போய் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். வெள்ளைக் கார். பிள்ளையார். டிஷ்யூ டப்பா. நம்பர் மட்டும் வேறு யாருடையதோ. என் கார் எங்கே? இது யார் கார்? நான் என்ன தின்றேன்?

கடைக்குப் போன் செய்தேன். ரசீதில் போன் நம்பர் இருந்தது.

"ஓம், அந்தக் கார்க்காரி இஞ்சதான் நிக்கிறா" என்றார் இலங்கைத் தமிழரான கடைக்காரர். "பொலிசுக்குப் போன் அடிக்கப் போனவ. நான்தான், இதே மாதிரிக் கார் ஒண்டு நிக்குது, பொறுங்கோ எண்டு மறிச்சனான். கெதியா வாங்கோ. அவ அழுதுகொண்டு நிக்கிறா."

ஒரு காருக்காக அழுவதா? இருபத்தைந்து நிமிடமும் அதை யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

கடை வாசலில் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா நின்றிருந்தார். தவமணி அக்கா என்று கடைக்காரர் அறிமுகம் செய்தார். முதியோர் இல்லத்தில் வேலையாம். வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கையில் பிடித்திருந்தார். அதை வாங்கத்தான் இரண்டு நிமிடம் கடைக்குள் நுழைந்திருக்கிறார். காரை அவர் பார்க்கவே இல்லை. முன் கதவைத் திறந்து துணிப்பையைத்தான் எடுத்தார். டப்பாவின் கனம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சாப்பிட்டனீங்களோ?"

"மன்னிச்சிடுங்க அக்கா. என் வீட்டுக்காரி வச்சதுன்னு நினைச்சிட்டேன்."

"எத்தினை சாப்பிட்டனீங்கள்?"

"பத்து. ஆறு மிச்சமிருக்கு."

"சொதி?"

காலித் தயிர் டப்பாவை எடுத்துக் காட்டினேன். அக்கா டப்பாவை மூடி மறுபடி பைக்குள் வைத்தார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய தம்பி குமரன், விசா இல்லாதவர்களை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமில் இரண்டு வருடமாக இருக்கிறான். அன்று காலை போனில் கூப்பிட்டிருக்கிறான்.

"கடிதம் வந்திட்டுது எண்டவன். என்ன கடிதம் எண்டு கேட்டன், சொல்லேல்லை. 'வாங்கோ அக்கா, இடியப்பம் அவிச்சுக்கொண்டு வாங்கோ' எண்டு மட்டும் சொன்னவன். நல்ல செய்தியெண்டா சாப்பாடு கேப்பான்தான். கெட்ட செய்தியெண்டாலும் நான் அழாமல் அடுப்படியில நிக்கட்டும் எண்டு கேப்பான். எதெண்டு எனக்கு விளங்கேல்லை. அவிக்க அவிக்க யோசிச்சன்."

அதைத்தான் நான் பத்து சாப்பிட்டிருந்தேன்.

முகாமுக்குள் போய்ப் பார்க்கும் நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அக்கா சாவியைப் போட முயன்றார். சாவி இரண்டு முறை கீழே விழுந்தது.

"நான் ஓட்டட்டுமா அக்கா?"

"ஓட்டுங்கோ. உங்களுக்குத்தானே இந்தக் கார் பழகிட்டுது" என்றார். கோபமா, கிண்டலா? இன்றுவரை தெரியவில்லை.

வில்லாவுட்டுக்குக் கிளம்பினோம். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அக்கா டப்பாவை மடியில் சரிசெய்து கொண்டார். முகாம் வாசலில் என்னையும் உள்ளே வரச் சொன்னார். "நான் என்னத்தைச் சொல்லுறது? நீங்களே வந்து சொல்லுங்கோ." ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். உள்ளே இருப்பவருக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு கட்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன எழுதுவது? அக்கா எட்டிப் பார்த்து, "ஃப்ரெண்ட் எண்டு எழுதுங்கோ" என்றார்.

குமரனுக்கு நாற்பது வயதிருக்கும். அயர்ன் செய்த சட்டை போட்டு, மேஜையில் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். டப்பாவைத் திறந்தார். ஆறு இடியாப்பம். அக்காவைப் பார்த்தார். அக்கா முகவாயை உயர்த்தி என்னைக் காட்டினார். நான் கார், சாவி, உப்புமா, மீனா எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"சொதி எப்பிடி அண்ணை?" என்று குமரன் கேட்டார்.

"ரொம்ப நல்லாருந்துச்சு."

"புளி கொஞ்சம் கூட விடுவா. சொன்னாலும் கேக்கமாட்டா" என்று சொல்லிவிட்டு, வெறும் சம்பலைத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். காய்ந்த இடியாப்பம். தொண்டையில் இறங்கியிருக்காது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"கடிதம் என்னடா?" என்றார் அக்கா. அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

குமரன் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். "எனக்கு விளங்கேல்லை அக்கா. வக்கீல் திங்கட்கிழமைதான் கதைப்பாராம். உள்ளுக்கை நாலு பேரிட்டைக் காட்டினனான். ரெண்டு பேர் நல்லது எண்டினம், ரெண்டு பேர் கெட்டது எண்டினம்."

"பிறகேன் இடியப்பம் கேட்டனீ?"

"நல்லதெண்டாலும் கெட்டதெண்டாலும் பசிக்கும்தானே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் வேலை என்ன தெரியுமா? ஆபீஸில் நாள் முழுக்க ஒப்பந்தம் வாசிப்பது. சம்பளமே அதற்குத்தான். ஆகவே வாங்கி வாசித்தேன். ஒரு தடவை. இரண்டாவது தடவை விரலை வைத்து. மூன்றாவது தடவை கடைசிப் பக்கத்திலிருந்து. முன்பு எடுத்த முடிவு ஒதுக்கப்படுகிறது, விஷயம் மறுபடியும் பரிசீலிக்கத் திருப்பி அனுப்பப்படுகிறது... ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான். சேர்த்துப் படித்தால் என்ன சொல்கிறார்கள்? விசா உண்டா, இல்லையா?

"அக்கா, முன்னாடி இல்லைன்னு சொன்னாங்கல்ல... அது செல்லாதுன்னு சொல்றாங்க."

"அப்ப ஓம் எண்டு சொல்லிட்டினமோ?"

"ஆமான்னும் சொல்லலை. திரும்பப் பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க."

"ஆர் பாக்கிறது?"

"முன்னாடி பார்த்த இடத்துலதான்."

"அவைதானே இல்லையெண்டவை?" என்றார் குமரன்.

"ஆமா. ஆனா இந்தத் தடவை வேற மாதிரிப் பார்க்கணும்."

"எவ்வளவு நாள்?"

அது கடிதத்தில் இல்லை. நான்காவது தடவையும் தேடினேன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். குமரன் டப்பாவில் ஒட்டியிருந்த கடைசிச் சம்பலை விரலால் வழித்தார். நேரம் முடிந்தது என்று வந்து சொன்னார்கள். அக்கா வாழைப்பழத்தை அவர் பக்கம் தள்ளினார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளை வாசிப்பதுபோல் நின்றேன். அதுவும் புரியவில்லை.

திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். பாதி வழியில் அக்கா கேட்டார்.

"படிச்ச ஆள் நீங்கள். ஒரு சொல்லில சொல்லுங்கோ. நல்லதோ, கெட்டதோ?"

எனக்கு என்ன தெரியும்? யாருடைய காரில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே தெரியாமல் ஊர் சுற்றியவன் நான். ஆனால் அந்த அம்மாவின் சாப்பாடு என் வயிற்றில் இருந்தது.

"நல்லதுதான் அக்கா."

"அப்ப சரி" என்றார். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வென்ட்வொர்த்வில் வரும்வரை திறக்கவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த அம்மா எத்தனை நாள் ஓட்டப் போகிறார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை வக்கீலும் பேசினாராம். நல்ல அறிகுறி, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது, பொறுத்திருங்கள் என்றாராம். அதாவது, எனக்குத் தெரிந்த அதே அளவுதான். அக்கா போன் செய்து, "நீங்கள் சொன்னதுதான் சரி" என்று எனக்கு நன்றி வேறு சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். இப்படி ஒரு கடிதம் வந்து, பிறகு முகாமிலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இந்தப் பத்திரிகைப் பத்தியைப் படித்தால் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அப்படியே கொண்டு போய் அக்காவிடம் கொடுக்கிறேன்.

வேறு மாதிரி முடிந்திருந்தால்... அதை எனக்கு மட்டும் எழுதுங்கள்.